தலைக்காயத்துக்குப் பின் வலிப்பும் மறதியும்: வீட்டார் கேட்கும் கேள்விகள்

தலையில் பலமாக அடிபட்டு, பிழைத்து, வீடு திரும்பியவர்களின் குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. என் அண்ணனும் அப்படித் திரும்பியவர்தான். அதனால் சில பதில்களில் எங்கள் வீட்டு வாடை அடிக்கும். மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் நரம்பியல் மருத்துவரின் முடிவு. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இந்தப் பக்கம் உதவும்.

விபத்து நடந்து எட்டு மாதம் ஆகிறது. நன்றாகத் தேறி வந்தவர் இப்போது மறுபடியும் மங்கிப்போகிறார். மூளையில் அடிபட்டால் இப்படித்தான் ஆகுமா?

ஆகாது. தலைக்காயத்தின் வழக்கமான போக்கு ஏறுமுகம். முதல் 6 மாதங்களில் வேகமாகவும், பிறகு ஏறத்தாழ 2 ஆண்டுகள் வரை மெதுவாகவும் தேறுவார்கள். அதன்பின் ஓரிடத்தில் நிற்கலாம். நின்றுபோவது வேறு, கீழே இறங்குவது வேறு. போன மாதம் தானாகச் சட்டை போட்டுக்கொண்டவர் இந்த மாதம் பொத்தானைப் பார்த்துத் திகைத்தால், புதிதாக ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். அது என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும்.

"அடிபட்ட தலை, அப்படித்தான் இருக்கும்" என்று உறவினர்கள் சொல்வார்கள். கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில் மருத்துவரே சில நேரம் அப்படிச் சொல்லிவிடுவார். அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். இறங்குமுகத்துக்கான காரணங்களில் பல, சரிசெய்யக் கூடியவை.

அப்படி என்னென்ன காரணங்கள் இருக்க முடியும்?

முதலில் நினைவுக்கு வர வேண்டியது மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே மெல்ல மெல்லத் தேங்கும் இரத்தம். அறுபது வயதைத் தாண்டியவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது அதிகம். குளியலறையில் வழுக்கி விழுந்திருப்பார். அன்று ஒன்றும் தெரியாது. மூன்று வாரமோ இரண்டு மாதமோ கழித்துத் தூக்கம் கூடும், நடை தடுமாறும், பேச்சு குழறும். வீட்டில் "வயசாகிவிட்டது" என்பார்கள். ஒரு சி.டி. ஸ்கேன் போதும், தெரிந்துவிடும். மண்டையோட்டில் சிறு துளை போட்டு வடித்துவிட்டால், பலர் சில நாட்களிலேயே பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள்.

இரண்டாவது, மூளைக்குள் நீர் தேங்குவது. கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நடை, அடக்க முடியாமல் சிறுநீர், கூடவே மறதி. மூன்றும் சேர்ந்து வந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். நீரை வயிற்றுக்குள் திருப்பிவிடும் குழாய் பொருத்தி இதைச் சரிசெய்கிறார்கள்.

இரத்தத்தில் சோடியம் குறைந்தாலும் மனிதர் மந்தமாவார், குழம்புவார், வலிப்பும் வரும். சில வலிப்பு மாத்திரைகளே, குறிப்பாகக் கார்பமாசெபினும் ஆக்ஸ்கார்பசெபினும், சோடியத்தைக் குறைக்கும். தலைக்காயத்தில், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டால் தைராய்டு, கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்கள் குறைந்து மாதக்கணக்கில் சோர்வு இழுத்துக்கொண்டே போகும். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டிருப்போம்.

இவை தவிர, யாரும் கவனிக்காத சிறு வலிப்புகள், மாத்திரையின் பக்கவிளைவு, மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, மறுபடி தொடங்கிய குடி. பெரும்பாலும் இவற்றில் ஒன்று மட்டும் இருக்காது, இரண்டு மூன்று சேர்ந்திருக்கும்.

தலையில் அடிபட்ட எல்லோருக்கும் வலிப்பு வருமா?

வராது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், 1935 முதல் 1984 வரை தலைக்காயம் அடைந்த 4,541 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. முதல் 5 ஆண்டுகளில் வலிப்பு வரும் வாய்ப்பு, லேசான காயத்துக்கு 0.7%, நடுத்தரமான காயத்துக்கு 1.2%, கடுமையான காயத்துக்கு 10% என்று அதில் தெரிந்தது. 30 ஆண்டுக் கணக்கில் அது 2.1%, 4.2%, 16.7% ஆகிறது. அதாவது, கடுமையாக அடிபட்டவர்களிலும் பெரும்பாலோருக்கு வலிப்பு வருவதில்லை.

எலும்பு உடைந்து உள்ளே அமுங்கியிருந்தாலோ, மூளைக்குள்ளேயே இரத்தம் கசிந்திருந்தாலோ, ஏதாவது பொருள் மூளைக்குள் துளைத்துச் சென்றிருந்தாலோ கதை வேறு. வியட்நாம் போரில் தலையில் குண்டும் சிதறலும் பாய்ந்து பிழைத்த அமெரிக்க வீரர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வலிப்பு நோய் வந்தது.

அடிபட்ட மூன்றாம் நாளே வலிப்பு வந்துவிட்டது. இனி வாழ்நாள் முழுக்க வருமா?

முதல் 7 நாட்களுக்குள் வருவதை மருத்துவர்கள் தனியாக வைத்துப் பார்க்கிறார்கள். அது அடிபட்டுக் கொந்தளித்த மூளையின் உடனடி எதிர்வினை. பின்னாளில் வலிப்பு வரும் வாய்ப்பை அது ஓரளவு கூட்டுகிறது, ஆனால் அதையே வலிப்பு நோய் என்று சொல்வதில்லை.

ஒரு வாரம் கழிந்த பிறகு, காய்ச்சல், சோடியக் குறைவு போன்ற தூண்டுதல் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு முறை வந்தாலும் அது வேறு செய்தி. மறுபடி வரும் வாய்ப்பு மிக அதிகம் என்பதால், இரண்டாவது முறைக்குக் காத்திராமல் மருத்துவர்கள் சிகிச்சையைத் தொடங்குவார்கள். பெரும்பாலும் இது முதல் 2 ஆண்டுகளுக்குள் வருகிறது. பத்து ஆண்டு கழித்து வந்தவர்களும் உண்டு.

வலிப்பு ஒரு முறைகூட வரவில்லை. ஆனால் ஒன்றரை ஆண்டாக மாத்திரை சாப்பிடுகிறார். தேவையா?

கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. கடுமையான தலைக்காயம் அடைந்த 404 பேரை வைத்து நடந்த ஆய்வு 1990இல் வெளியானது. ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்து கொடுக்கப்பட்டவர்களில் முதல் வாரத்தில் வலிப்பு வந்தது 3.6% பேருக்கு, மருந்து எதுவும் இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 14.2% பேருக்கு. முதல் வாரத்துக்கு மருந்து நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அதற்குப் பிறகு, ஓராண்டு மாத்திரை சாப்பிட்டும் பயன் தெரியவில்லை. பின்னாளில் வரவிருக்கும் வலிப்பை இந்த மருந்து தடுப்பதில்லை.

அதனால்தான், வலிப்பே வராதவர்களுக்குப் பொதுவாக ஒரு வாரத்தோடு நிறுத்தச் சொல்கிறார்கள். நம் ஊரில் நடப்பது என்ன? டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை எழுதப்படுகிறது. நிறுத்தும் தேதி எழுதப்படுவதில்லை. மருந்துக் கடைக்காரர் அதே சீட்டுக்கு மாதா மாதம் கொடுக்கிறார். யாரும் முடிவெடுக்காமலேயே ஒரு மாத்திரை ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது.

ஆனால் இதைப் படித்துவிட்டு நாளையே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால், இதுவரை வராத வலிப்பு அடுக்கடுக்காக வரக்கூடும். மருத்துவர் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைப்பார். நோயாளிக்கு வலிப்பு வந்ததா இல்லையா என்பதையும் பழைய சீட்டுகளில் ஒரு முறை சரிபாருங்கள், ஐ.சி.யூ.வில் வந்தது வீட்டாருக்குத் தெரியாமலேயே இருந்திருக்கும்.

கை கால் இழுக்கவில்லை, நுரை தள்ளவில்லை. அப்படியே வெறித்துப் பார்க்கிறார். இதுவும் வலிப்பா?

இருக்கலாம். தலைக்காயத்துக்குப் பின் இந்த வகை சாதாரணம், ஏனென்றால் அடி வாங்கும் இடங்களில் நெற்றிப்பகுதி மூளையும் பொட்டுப்பகுதி மூளையும் முக்கியமானவை.

என் அண்ணனுக்கு மளிகைக் கடை. கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருப்பவர் பாதியில் நிறுத்துவார். கண் திறந்தே இருக்கும். உதடு எதையோ மெல்லுவதுபோல் அசையும். வலது கை சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருக்கும். கூப்பிட்டால் பதில் வராது. ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ கழித்து மீள்வார், எதிரில் நிற்பவரிடம் "உனக்கு என்ன வேணும்?" என்று புதிதாகக் கேட்பார். கடைக்கு வருபவர்கள் அதை மறதி என்றார்கள். பாட்டி, கல்லா இருக்கும் மூலை சரியில்லை என்று இடத்தை மாற்றச் சொன்னார். அது வலிப்பு என்று எங்களுக்குத் தெரிய வெகுநாள் ஆனது.

திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவதுதான் அடையாளம். அதே பார்வை, அதே உதட்டசைவு, அதே கை. சிலருக்கு முன்கூட்டியே அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்புவதுபோல் இருக்கும், இல்லாத நாற்றம் வீசும், பார்க்காத இடம் பார்த்ததுபோல் தோன்றும். இரவில் படுக்கை நனைவது, காலையில் நாக்கின் ஓரம் கடிபட்டிருப்பது, காரணமில்லாத உடல்வலி ஆகியவை தூக்கத்தில் வலிப்பு வந்ததைக் காட்டலாம்.

செல்பேசியில் படம் எடுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. நீங்கள் பத்து நிமிடம் விவரிப்பதைவிட அந்த ஒரு நிமிடக் காட்சி மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

இ.இ.ஜி. நார்மல் என்று வந்துவிட்டதே?

இரவெல்லாம் குரைத்த நாய், நாம் போய்ப் பார்க்கும்போது தூங்கிக்கொண்டிருப்பதில்லையா? மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் அரைமணி நேர இ.இ.ஜி.யும் அப்படித்தான். நார்மல் என்று வந்தால் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. சந்தேகம் வலுவாக இருந்தால் தூக்கத்தில் எடுப்பார்கள், அல்லது வீடியோவோடு நாள் கணக்கில் பதிவு செய்வார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தழும்பு எங்கே என்று தெரியும். ஆனால் தழும்பு உள்ள எல்லோருக்கும் வலிப்பு வருவதில்லை.

வலிப்பு வந்து வந்துதான் மறதி கூடுகிறதா?

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: அடிபட்ட இடம். நினைவைப் பதிய வைக்கும் பகுதியில் தழும்பு இருந்தால் அதே இடத்திலிருந்து வலிப்பும் கிளம்பக்கூடும்.

அது போக, ஒவ்வொரு வலிப்புக்குப் பிறகும் சில மணி நேரமோ ஓரிரு நாளோ மூளை மந்தமாக இருக்கும். வாரத்துக்கு இரண்டு முறை வந்தால் அவர் தெளிவாக இருக்கும் நாட்களே குறைந்துவிடும். வீட்டார் கண்ணுக்கு அது நிரந்தர மறதியாகத் தெரியும். வலிப்பு கட்டுக்குள் வந்த பிறகு "ஆள் தெளிந்துவிட்டார்" என்று சொல்லப்படுவது இதனால்தான். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு மூளையைப் புதிதாகவே சேதப்படுத்தக்கூடும். உடல் துடிக்காமல், மணிக்கணக்கில் குழப்பமாக மட்டும் தெரியும் வலிப்பும் உண்டு, இ.இ.ஜி. எடுக்காமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

மாத்திரையால்தான் மந்தமாகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. சரியா?

பல நேரம் சரிதான். ஆனால் மாத்திரைக்கு மாத்திரை கோளாறு வேறுபடும்.

ஃபெனிடாயின் ஒரு விசித்திரமான மருந்து. ஓர் அளவுவரை ஒழுங்காக இருக்கும். அதற்கு மேல் கால் மாத்திரை கூட்டினாலும் இரத்தத்தில் அதன் அளவு தாறுமாறாக ஏறும். அப்போது குடித்தவர்போல் நடப்பார், பேச்சு இழுக்கும், கண் நடுங்கும். ஈறு வீங்குவதும் இதன் வேலைதான். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் இதன் அளவை ஏற்றிவிடும் என்பதால், புதிதாக எந்த மருந்து தொடங்கினாலும் பழைய சீட்டைக் காட்டுங்கள். இரத்தப் பரிசோதனையில் அளவைப் பார்க்கலாம்.

லெவெடிராசெட்டம் இப்போது பரவலாகக் கொடுக்கப்படுகிறது. நினைவாற்றலை அதிகம் பாதிப்பதில்லை. ஆனால் சிலருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். எரிச்சல், அழுகை, தற்கொலை எண்ணம்கூட வரலாம். நெற்றிப்பகுதியில் அடிபட்டு ஏற்கெனவே நிதானம் இழந்தவருக்கு இதைக் கொடுத்தால் வீடு இரண்டுபடும். மாத்திரை தொடங்கிய தேதியையும் சண்டை தொடங்கிய தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சோடியம் வால்ப்ரோயேட் சிலருக்கு இரத்தத்தில் அம்மோனியாவை ஏற்றி மந்தமாக்கும். கை நடுக்கம், எடை கூடுதல் சகஜம். டோபிராமேட்டில் சொல் கிடைக்காமல் தவிப்பார்கள். ஃபீனோபார்பிட்டால் விலை குறைவு, தூக்கம் அதிகம். எந்த மாத்திரையாயினும், தொடங்கிய முதல் வாரங்களில் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

ஞாபக சக்திக்கு மாத்திரை, டானிக், வல்லாரை எல்லாம் பலன் தருமா?

சிட்டிகோலின் என்ற மருந்து நம் ஊர்ச் சீட்டுகளில் தவறாமல் இருக்கும். அமெரிக்காவில் தலைக்காயம் பட்ட 1,213 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். 90 நாள் சாப்பிட்டும் வெற்று மருந்தைவிட எந்த மேன்மையும் தெரியவில்லை என்று 2012இல் வெளியிட்டார்கள். இதற்கு மாதாமாதம் செலவாகும் பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்கோ மனநலப் பரிசோதனைக்கோ செலவழித்தால் உருப்படியாக இருக்கும் என்பது என் கருத்து.

கவனம் சிதறுவதற்கும் மூளை மெதுவாக இயங்குவதற்கும் சிலருக்கு மருத்துவர் மருந்து தருவதுண்டு. வல்லாரைத் துவையல் சாப்பிடட்டும், கெடுதல் இல்லை. ஆனால் பெயர் தெரியாத பொடியையும் லேகியத்தையும் வலிப்பு மாத்திரையோடு கலக்காதீர்கள்.

மண்டை எலும்பை எடுத்து வயிற்றில் வைத்திருக்கிறார்கள். அதற்கும் மந்தத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மூளை வீங்கும்போது இடம் கொடுப்பதற்காக எலும்பின் ஒரு துண்டை எடுத்து, வயிற்றுத் தோலுக்கு அடியிலோ உறைநிலைப் பெட்டியிலோ பாதுகாப்பார்கள். வீக்கம் வடிந்ததும் அந்த இடம் குழியாகும். சிலருக்கு, குழி ஆழமாக ஆக, தலைவலி, தலைச்சுற்றல், மந்தம், கை கால் பலவீனம் எல்லாம் கூடும். உட்கார்ந்தால் மோசமாகி, படுத்தால் தெளிவார்கள். எலும்பைத் திரும்பப் பொருத்தியதும் வியக்கத்தக்க முன்னேற்றம் வருவதுண்டு. "பிறகு பார்க்கலாம்" என்று மாதங்களைத் தள்ளாமல், எப்போது பொருத்துவார்கள் என்று கேளுங்கள். அந்த அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் வலிப்பு வரலாம். அதனால் அந்தச் சமயத்தில் மாத்திரையில் கை வைக்கக் கூடாது.

நினைவு பரவாயில்லை. ஆனால் ஆளே மாறிவிட்டார். முன்பின் தெரியாதவரோடு வாழ்வதுபோல் இருக்கிறது.

1848 செப்டம்பர் 13. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதை போடுவதற்காகப் பாறையை வெடிவைத்துத் தகர்த்துக்கொண்டிருந்தார் ஃபினியாஸ் கேஜ். வெடித்த வேகத்தில் ஒரு மீட்டருக்கும் மேல் நீளமும் 6 கிலோ எடையும் உள்ள இரும்புக் கடப்பாரை அவருடைய இடது கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. அவர் பிழைத்தார், பேசினார், நடந்தார். ஆனால் பொறுமையும் பொறுப்பும் உள்ள மேற்பார்வையாளராக இருந்தவர் வாய்க்கு வந்தபடி பேசுபவராக, எதிலும் நிலைக்காதவராக ஆனார். அவர் பழைய கேஜ் இல்லை என்று நண்பர்கள் சொன்னதாக மருத்துவர் ஜான் ஹார்லோ எழுதிவைத்தார்.

கதையை இத்தோடு நிறுத்திவிடுவது வழக்கம். மிச்சமும் உண்டு. அவர் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். நேரத்துக்குப் புறப்பட்டு, பயணிகளோடு பேசி, ஆறு குதிரைகளைக் கட்டுப்படுத்தும் வேலை அது. நாளுக்கு நாள் மாறாத ஒழுங்கு அவரை நிலைப்படுத்தியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கடைசியில் வலிப்பு வந்தது. தொடர்ந்து வந்த வலிப்புகளால் 1860 மே மாதம், விபத்துக்குப் பதினோராண்டுக்கும் மேல் கழிந்தபின், சான்ஃபிரான்சிஸ்கோவில் இறந்தார். வலிப்பு மருந்து என்று சொல்லத்தக்க ஒன்று அன்று அநேகமாக இல்லை.

உங்கள் வீட்டுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: கோபத்தையும் கூச்சமின்மையையும் திமிர் என்று எண்ணிச் சண்டை போடுவதில் பயனில்லை. எழுவது, சாப்பிடுவது, வேலை, தூக்கம் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கட்டும். ஒரு சமயத்தில் ஒருவர் பேசுங்கள். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். அவர் சூடானால் பேச்சை மாற்றுங்கள், ஜெயிக்கப் பார்க்காதீர்கள். மனைவியையோ குழந்தையையோ அடிக்கும் அளவுக்குப் போனால் அது பொறுத்துப்போகும் விஷயம் இல்லை. உடனே மனநல மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

வலிப்பு வரும்போது கையில் இரும்புச் சாவி கொடுக்கலாமா?

வேண்டாம். சாவியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும். சாவி கொடுத்ததால் நின்றது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

பக்கத்தில் உள்ள கூர்மையான பொருட்களை நகர்த்துங்கள். தலைக்கு அடியில் மடித்த துணி வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சில் வெளியே வடிந்துவிடும். வாய்க்குள் கரண்டியோ துணியோ விரலோ கூடாது. பல் உடையும், மூச்சு அடைக்கும். தண்ணீர் புகட்டாதீர்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, தெளியாமல் அடுத்தது வந்தாலோ, விழுந்து அடிபட்டிருந்தாலோ 108க்கு அழையுங்கள். வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் மருந்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

வீட்டில் வேறு என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

வலிப்பைத் தூண்டுவதில் முதலிடம் தவறிப்போன மாத்திரைக்கு. மறதி உள்ளவரிடம் மாத்திரைப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் "சாப்பிட்டேன்" என்றுதான் சொல்வார், அதை நம்பியும் சொல்வார். ஏழு நாள் அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டி வாங்குங்கள். காலியான அறைதான் சாட்சி. விரத நாளிலும் மாத்திரை உண்டு. ஊர்த் திருவிழாவில் இரவு முழுக்கக் கண் விழிப்பது, கல்யாண வீட்டில் குடிப்பது இரண்டும் வேண்டாம். வலிக்காகக் கொடுக்கும் டிரமடால் போன்ற சில மருந்துகளும் வலிப்பைத் தூண்டும்.

குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடக் கூடாது. கிணறு, குளம், ஆறு, தொட்டிக் குளியல் வேண்டாம். வாளியில் மொண்டு, உட்கார்ந்து குளிக்கட்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடி, ஏணி, பரண் வேண்டாம். அடுப்பில் தனியாக நிற்க வேண்டாம்; நிற்கத்தான் வேண்டுமென்றால் பின்புற அடுப்பில் சமைக்கலாம்.

மறதிக்குப் பயிற்சி உண்டா?

உண்டு, ஆனால் எதிர்பார்ப்பு சரியாக இருக்க வேண்டும். குறுக்கெழுத்தும் செல்பேசி விளையாட்டும் அந்த விளையாட்டில் தேர்ச்சி தரும். மறந்த சாவியைத் தேடித் தராது. மூளையின் எந்தத் திறன் எவ்வளவு பாதிக்கப்பட்டது என்று நரம்பு உளவியலாளர் இரண்டு மூன்று மணி நேரம் சோதித்துச் சொல்வார். பெங்களூரு நிமான்ஸ் போன்ற பெரிய மையங்களில் இது நடக்கிறது. "ஞாபக மறதி" என்று நாம் சொல்வது பலருக்கு உண்மையில் கவனக்குறைவு. உள்ளே போகாததை எப்படி நினைவில் வைப்பது?

அன்றாடத்தில் கைகொடுப்பது வெளியே எழுதிவைப்பதுதான். அண்ணன் கல்லாவுக்கு மேல் தினசரி காலண்டர், அதன் பின்பக்கத்தில் அன்றைக்கு வர வேண்டிய சரக்கு. சில்லறை கொடுக்கும்போது வாய்விட்டு எண்ணுவார். சாவிக்கு ஓர் ஆணி, கண்ணாடிக்கு ஒரு தட்டு. இடம் மாறினால் அன்று முழுக்க ரகளை.

வண்டி ஓட்டலாமா?

வலிப்பு கட்டுக்குள் வராதவரை கூடாது. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1இல் வலிப்பு உண்டா, திடீர் மயக்கம் உண்டா என்ற கேள்வி இருக்கிறது. அதில் உண்மையைத்தான் எழுத வேண்டும். பிரிட்டனில் ஓராண்டு வலிப்பு இல்லாமல் இருந்தால்தான் கார் ஓட்ட விடுகிறார்கள். வலிப்பு இல்லாவிட்டாலும், மெதுவாக வினையாற்றும் மூளையோடு நான்கு வழிச்சாலையில் இரு சக்கர வண்டி ஓட்டுவது ஆபத்து.

கல்யாணம், குழந்தை?

வலிப்பு திருமணத்துக்குத் தடையில்லை. இந்து திருமணச் சட்டத்தில் இருந்த அந்தத் தடையை 1999இல் நீக்கிவிட்டார்கள். மறைத்து மணம் முடிப்பதுதான் பின்னால் வம்பு. குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட் பெரிய பிரச்சினை: கருவிலிருக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 10% பேருக்கு உறுப்புக் குறைபாடும், 30 முதல் 40% பேருக்கு வளர்ச்சிக் குறைபாடும் வரலாம். கருத்தரிக்கும் முன்பே மருந்தை மாற்றுவது பற்றிப் பேசுங்கள். ஃபெனிடாயினும் கார்பமாசெபினும் கருத்தடை மாத்திரையைச் செயலிழக்கச் செய்யும்.

மாத்திரையை எப்போது நிறுத்தலாம்? மாத்திரைக்குக் கட்டுப்படாவிட்டால் அறுவைச் சிகிச்சை உண்டா?

வலிப்பு இல்லாமல் இரண்டு ஆண்டுக்கு மேல் கடந்தால் பொதுவாக யோசிப்பார்கள். ஆனால் மூளையில் தழும்பு உள்ளவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் மருத்துவர் தயங்குவார். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் சாப்பிட்டும் நிற்கவில்லை என்றால், ஐந்தாவது ஆறாவது மருந்து என்று அலையாமல் வலிப்பு நோய்க்கான சிறப்பு மையத்துக்குப் போய், அறுவைச் சிகிச்சை பொருந்துமா என்று கேளுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் அப்படி ஒரு மையம் இருக்கிறது.

பின்னாளில் டிமென்ஷியா என்னும் மறதி நோய் வருமா?

வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. டென்மார்க்கில் ஏறத்தாழ 28 லட்சம் பேரின் பதிவேடுகளைப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், தலைக்காயம் உள்ளவர்களுக்கு டிமென்ஷியா வரும் அபாயம் 24% அதிகம் என்று தெரிந்தது. பெரும்பாலோருக்கு வராது என்பதும் அதே கணக்கில் உண்டு. இரண்டாவது முறை அடிபடாமல் பார்த்துக்கொள்வது, இரத்த அழுத்தம், சர்க்கரை, குடி: நம் கையில் இருப்பவை இவை.

செலவு, சான்றிதழ்?

தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தர 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. உயிரைக் காக்க அது உதவுகிறது; ஆறு மாதம் கழித்துத் தொடங்கும் செலவுக்கு முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தையும் அரசு மருத்துவமனையையும்தான் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. வலிப்புக்கோ தலைக்காயத்துக்கோ அதில் தனித் தலைப்பு இல்லை. கை கால் செயலிழப்பு, பேச்சுக் குறைபாடு, மனநோய் போன்ற தலைப்புகளின் கீழ்தான் விண்ணப்பிக்க முடியும். விபத்து இழப்பீட்டு வழக்கு நடக்கிறது என்றால், வெளியே தெரியாத மறதிக்கு நரம்பு உளவியல் அறிக்கைதான் ஆவணம். வலிப்பு பின்னால் வரலாம் என்பதையும் வழக்கறிஞரிடம் சொல்லி வையுங்கள்.

மருத்துவர் ஐந்து நிமிடம்தான் தருகிறார். எதைக் கொண்டு போவது?

முதல் டிஸ்சார்ஜ் சீட்டு, பழைய சி.டி. படங்கள், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள், வலிப்பு வந்த தேதிகள் குறித்த காலண்டர் தாள், செல்பேசிக் காட்சி. இரண்டு மாதம் முன்பு செய்ய முடிந்து இப்போது முடியாத மூன்று காரியங்களை ஒரு தாளில் எழுதுங்கள். "மறதி அதிகம்" என்று எழுதாதீர்கள். "மே மாதம் தனியாக ரேஷன் கடைக்குப் போய் வந்தார், இப்போது தெருமுனையில் நின்றுவிடுகிறார்" என்று எழுதுங்கள். முதலில் அவரைப் பேச விடுங்கள். எனக்கு ஒன்றுமில்லை என்பார். தன் குறை தனக்கே தெரியாமல் போவதும் இந்தக் காயத்தின் பகுதிதான். அதன் பிறகு தாளை நீட்டுங்கள்.